தழும்பு சொல்லும் கதை

பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்களில் 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் உண்டு. நேயர்களில் பெரும்பாலோர் அதை ஒரு முறையேனும் பார்த்திருப்பார்கள். வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு, இடது முழங்காலில் ஒரு வடு என்று அங்கே எழுதியிருக்கும். அந்தத் தழும்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டுந்தான் குமாஸ்தா கேட்பார்; எப்படி வந்தது என்று கேட்கமாட்டார். முழங்கால் வடுவுக்குப் பின்னால் ஒரு மாமரமும், அதன் உச்சிக் கிளைக்கு ஆசைப்பட்ட ஒரு பையனும், கீழே நின்று அலறிய ஒரு தங்கையும் இருந்தார்கள் என்பது சர்க்காருக்கு வேண்டாத விஷயம்.

கதாசிரியர்கள் இதற்கு நேர் விரோதமானவர்கள். தழும்பு எங்கே இருக்கிறது என்பதை அரை வரியில் சொல்லிவிடுவார்கள்; அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு புத்தகமே எழுதுவார்கள். உடம்பில் ஓர் அடையாளத்தைப் போட்டு, உள்ளத்தின் துயரத்தை அதற்குள்ளே ஒளித்து வைக்கும் இந்த வித்தை மிகப் பழமையானது. அதைப் பற்றியே இன்று சிறிது பேசலாம் என்று நினைக்கிறோம்.

புண் வேறு, தழும்பு வேறு. புண் என்பது நடந்து கொண்டிருக்கும் சம்பவம். தழும்பு என்பது நடந்து முடிந்த சரித்திரம். நெருப்பினால் வந்ததைப் புண் என்றும், நாவினால் வந்ததை வடு என்றும் திருவள்ளுவர் பெயர் பிரித்து வைத்ததன் நுட்பம் இதுவேயாகும். தோல் மூடிக்கொண்ட பிறகும் எது போக மறுக்கிறதோ அதற்குத்தான் வடு என்று பெயர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தழும்புக்கு இரண்டு பேர் தேவை. அதைச் சுமப்பவர் ஒருவர். அதைப் பார்த்துப் பொருள் சொல்பவர் மற்றொருவர். கதையின் சோகமெல்லாம் பெரும்பாலும் இந்த இருவருக்கும் நடுவிலேதான் விளைகிறது.

* * *

உலக இலக்கியத்தில் மிகப் பிரசித்தி பெற்ற தழும்பு ஒரு முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. கிரேக்க மகாகவி ஹோமர் பாடிய 'ஒடிஸி'யின் 19 ஆவது காண்டத்தில் அது வருகிறது. டிராய் யுத்தத்தில் 10 வருஷமும், கடலில் அலைந்து திரிந்ததில் 10 வருஷமும் கழித்துவிட்டு, ஒடிஸியஸ் தன் சொந்த வீட்டுக்கே பிச்சைக்காரன் வேஷத்தில் வந்து சேருகிறான். மனைவி பெனலோப்பிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வந்த விருந்தாளியின் கால்களைக் கழுவும்படி யூரிக்ளியா என்ற கிழத் தாதியிடம் சொல்கிறாள். அவனைக் குழந்தைப் பருவத்தில் வளர்த்தவளே அந்தத் தாதி. ஒடிஸியஸ் அவசரமாக இருட்டுப் பக்கம் திரும்பி உட்காருகிறான். ஆனால் கிழவிக்குக் கண் எதற்கு? கை பட்டவுடனே தெரிந்துவிடுகிறது. பிடித்திருந்த கால் நழுவுகிறது, பாத்திரம் கவிழ்கிறது, தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது.

இந்த இடத்தில் ஹோமர் செய்யும் காரியத்தைப் பாருங்கள். கவிழ்கிற பாத்திரத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, அந்தத் தழும்பு வந்த கதையைச் சாவகாசமாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். தாய்ப்பாட்டன் ஆட்டோலைகஸ் குழந்தைக்குப் பெயர் வைத்தது, வாலிபனானதும் பாட்டன் வீட்டுக்குப் போனது, பார்னஸஸ் மலைச் சாரலில் மாமன்மாரோடு வேட்டையாடியது, காட்டுப்பன்றியின் கொம்பு தொடையைக் கிழித்தது எல்லாம் வருகின்றன. அதன் பிறகுதான் பாத்திரம் தரையில் விழுகிறது.

இந்தக் கட்டத்தைப் பற்றி எரிக் அவெர்பாஹ் என்ற யூத அறிஞர் எழுதியது இலக்கிய விமரிசனத்தில் அழியாத இடம் பெற்றுவிட்டது. நாஜி ஆட்சியில், 1935 ஆம் ஆண்டில், அவர் ஜெர்மனியில் தம் சர்வகலாசாலைப் பதவியை இழந்தார். பின்னர் துருக்கிக்குப் போய், இஸ்தான்புல் நகரில் இருந்துகொண்டு 1942 முதல் 1945 வரை ஒரு பெரிய நூலை எழுதினார். 'மிமெஸிஸ்' என்ற அந்த நூல் 1946ல் வெளியாயிற்று. அதன் முதல் அத்தியாயத்தின் தலைப்பு 'ஒடிஸியஸின் தழும்பு' என்பதே. ஹோமர் எதையும் இருளில் விடுவதில்லை, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பது அவருடைய கட்சி. சொந்த நாட்டை இழந்த ஒரு மனிதர், வீடு திரும்பிய ஒருவனின் தழும்பிலிருந்து தம் நூலைத் தொடங்கினார் என்பது நம் மனத்தை ஏதோ செய்கிறது.

ஆயினும் ஒன்று. இங்கே தழும்பு சந்தோஷமான காலத்துக்குச் சொந்தம். வாலிபம், வேட்டை, பாட்டன் வீட்டு விருந்து! தழும்பைத் தொட்ட கைக்கும் தழும்பைச் சுமந்த காலுக்கும் நடுவில் கழிந்துபோன 20 வருஷந்தான் சோகம். அருகில் இருந்த மனைவி அறியவில்லை. வளர்த்த தாதி அறிந்தாள். அறிந்த அடுத்த கணத்தில், அவள் கூவிவிடாதபடி அவளுடைய தொண்டையைப் பிடிக்க வேண்டியவனாகிறான், அவள் வளர்த்த பிள்ளை!

* * *

நம் பாரதத்துக்கு வருவோம். கர்ணனுடைய தொடையிலே ஒரு துளை உண்டு.

தன்னைப் பிராமணன் என்று சொல்லிக்கொண்டு, பரசுராமரிடம் அஸ்திர வித்தை கற்றுக்கொண்டிருந்தான் கர்ணன். ஒரு நாள் குருநாதர் களைப்பினால் சீடனுடைய மடியில் தலை வைத்து உறங்கிவிட்டார். அந்தச் சமயத்தில் ஒரு கொடிய பூச்சி வந்து கர்ணன் தொடையைத் துளைத்தது. அது வண்டு என்றும், வண்டின் உருவில் வந்தவன் இந்திரனே என்றும் நம் ஊர்க் கதைகளில் சொல்வதுண்டு. கர்ணன் அசையவில்லை. அசைந்தால் குருவின் தூக்கம் கலைந்துவிடும் அல்லவா? பெருகிய இரத்தம் பரசுராமருடைய உடம்பில் பட்டு அவர் விழித்துக்கொண்டார். நடந்ததை அறிந்தார். சீடனை மெச்சினாரா? இல்லை. "இத்தனை வேதனையை ஒரு பிராமணன் பொறுத்திருக்க முடியாது, நீ யார்?" என்று கேட்டார். உண்மை வெளிப்பட்டது. தக்க சமயத்தில் பிரம்மாஸ்திரம் மறந்து போகட்டும் என்ற சாபம் பிறந்தது.

இந்தச் சம்பவத்தின் கொடுமை எங்கே இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கர்ணன் சொன்ன பொய்யைக் காட்டிக் கொடுத்தது அவனுடைய பகைவன் அல்லன், அவனுடைய குருபக்திதான். அன்பில்லாத சீடனாக இருந்து, "ஐயோ!" என்று கத்திக் காலை உதறியிருந்தால், ஒரு தீங்கும் வந்திராது. எந்தக் குணத்துக்காக அவனைத் தழுவிக்கொண்டிருக்க வேண்டுமோ, அந்தக் குணமே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. பிற்காலத்தில் அந்த வடுவைப் பார்க்கும்போதெல்லாம் கர்ணன் எதை நினைத்துக்கொண்டிருப்பான்? வலியையா, சாபத்தையா, அல்லது மடியில் இருந்த குருவின் தலையின் பாரத்தையா? வியாசர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதனாலேயே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், கர்ணனுடைய உடம்பில் இதைவிடப் பெரிய தழும்பு ஒன்று இருந்திருக்க வேண்டும். உடம்போடு பிறந்த கவசத்தைத் தன் கையாலேயே அறுத்து இந்திரனுக்குக் கொடுத்தானே, அந்த இடம் எப்படி இருக்கும்? ஆனால் வனபர்வத்துக் கதையில் அவன் ஒரு வரம் கேட்கிறான். அறுத்த பிறகு தன் தேகம் விகாரமாகிவிடக் கூடாது என்கிறான். இந்திரனும் அவ்விதமே அருள்கிறான். ஆகவே, உலகமெல்லாம் புகழ்ந்த தியாகத்துக்கு உடம்பிலே அடையாளம் இல்லை. அறுத்தவன் என்று பொருள்படும் 'வைகர்த்தனன்' என்ற பெயர் மட்டும் நின்றது. ஒருவரும் புகழாத குருபக்திக்கோ தொடையிலே துளை நின்றது. விதியின் கணக்கு இவ்விதமாக இருக்கிறது!

* * *

இனி மேனாட்டு நாவல் ஒன்றைப் பார்ப்போம். சார்லஸ் டிக்கன்ஸ் 1849 மே மாதம் முதல் 1850 நவம்பர் வரையில் மாதப் பகுதிகளாக வெளியிட்ட 'டேவிட் காப்பர்பீல்ட்' என்ற நாவலைப் படித்தவர்கள், பெகாட்டியையும் மிக்காபரையும் மறக்கமாட்டார்கள். ஆனால் ரோஸா டார்ட்டில் என்ற பெண்மணியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ரோஸா ஓர் அநாதை. ஸ்டீயர்போர்த் என்ற செல்வந்த வாலிபனுக்கு உறவுமுறையில் சொந்தக்காரி. அவன் தாயாருக்குத் துணையாக அந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவளுடைய உதட்டின் குறுக்கே மோவாய் வரையில் ஒரு பழைய தழும்பு ஓடுகிறது. அது எப்படி வந்தது என்று டேவிட் தன் நண்பனைக் கேட்கிறான். ஸ்டீயர்போர்த் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பதில் சொல்கிறான்: சிறு பையனாக இருந்தபோது அவள் தனக்குக் கோபமூட்டியதாகவும், தான் ஒரு சுத்தியலை அவள்மேல் எறிந்துவிட்டதாகவும். கதை முடிந்தது! எறிந்தவனுக்கு அது ஒரு வாக்கியம். பட்டவளுக்கு அது ஓர் ஆயுட்காலம்.

டிக்கன்ஸ் இதன்மேல் செய்திருக்கும் வேலைப்பாடு அபூர்வமானது. ரோஸாவின் முகம் வெளுக்கும்போது அந்தத் தழும்பு முதலில் கறுத்துத் தோன்றுகிறதாம். பிறகு, கண்ணுக்குத் தெரியாத மையினால் எழுதிய எழுத்து நெருப்பில் காட்டியதும் துலங்குவதுபோல், முழு நீளமும் வெளிப்படுகிறதாம். அவளுடைய நாக்கு சொல்லாததை அந்த வடு சொல்லிவிடுகிறது. டேவிட் தங்கிய அறையின் சுவரிலே அவளுடைய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சித்திரக்காரர் மரியாதை தெரிந்தவர். தழும்பை எழுதாமல் விட்டிருக்கிறார். ஆனால் டேவிட் அதைப் பார்க்கும்போது அவன் கண்ணே அந்த இடத்தில் தழும்பைப் போட்டுக்கொள்கிறது! ஒருவருடைய காயத்தை அறிந்துவிட்ட பிறகு, அது இல்லாத முகத்தை நம்மால் பார்க்க முடிவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்?

ரோஸா தன் கதையைத் தானே சொல்லும் சமயம் ஒன்றுதான் வருகிறது. ஸ்டீயர்போர்த் கடலில் மூழ்கி இறந்த செய்தியை டேவிட் கொண்டு வருகிறான். பிரமை பிடித்து உட்கார்ந்திருக்கும் தாயாருக்கு எதிரே நின்று, ரோஸா தன் தழும்பின்மேல் அடித்துக்கொண்டு கதறுகிறாள். தாயைவிடத் தானே அவனை அதிகமாக நேசித்ததாகச் சொல்கிறாள். பல வருஷங்களாக அவள் கோபக்காரி, குத்தலாகப் பேசுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்த நாம், அப்போதுதான் திடுக்கிடுகிறோம். தன்னைக் காயப்படுத்தியவனை ஒருத்தி நேசித்தாள். அவன் கொடுத்த பொருள் என்று அவளிடம் நிலைத்து நின்றது அந்த வடு ஒன்றுதான். இதை நினைத்தால் அவள் பேசிய குத்தல் பேச்சுக்களையெல்லாம் மறுபடியும் ஒரு முறை படிக்கத் தோன்றுகிறது.

* * *

நிற்க. தமிழர்களுக்குத் தழும்பைப் பற்றித் தனிப்பட்ட ஒரு சாஸ்திரமே உண்டு என்பதை நேயர்கள் அறிவார்கள். மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண், அது ஆபரணம். முதுகில் பட்டது புறப்புண், அது அவமானம். வெண்ணிப் போர்க்களத்தில் கரிகால் சோழனோடு பொருத சேர மன்னன் பெருஞ்சேரலாதன், முதுகிலே புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டதைப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். மகன் புறங்கொடுத்தான் என்று கேட்ட ஒரு முதியவள், அது மெய்யானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போனதும் அந்த நூலில்தான் இருக்கிறது. 1950ல் தொடர்கதையாக வெளிவரத் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் பெரிய பழுவேட்டரையர் மேனியில் 64 விழுப்புண் தழும்புகள் இருப்பதும், விஜயாலய சோழருக்கு 96 என்று கணக்குச் சொல்வதும் இதே மரபின் தொடர்ச்சி.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, அமெரிக்க நாவல் ஒன்றுக்குள் நுழைந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். டோனி மாரிசன் அம்மையார் 1987ல் வெளியிட்ட 'பிலவட்' என்ற அந்த நாவலுக்கு 1988ல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. 1993ல் அம்மையாருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. கதாநாயகி ஸெதெ என்பவள் கென்டக்கியில் ஒரு பண்ணையில் அடிமையாக இருந்தவள். அவள் கர்ப்பவதியாக இருக்கும்போது, பண்ணையை நடத்துகிறவனுடைய உறவுக்காரப் பையன்கள் அவளைப் பிடித்து அழுத்திக்கொண்டு, கைக்குழந்தைக்காக அவளிடம் இருந்த பாலைப் பறிக்கிறார்கள். நடந்ததை எஜமானியிடம் சொன்ன குற்றத்துக்காகச் சாட்டையால் முதுகைப் பிளக்கிறார்கள். அவள் தப்பி ஓடுகிறாள்.

அந்த முதுகை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. எவர்தாம் தம் முதுகைப் பார்க்க முடியும்? வழியில் அவளுக்கு உதவி செய்த ஓர் ஏழை வெள்ளைக்காரப் பெண், அந்தக் காயங்களைப் பார்த்துவிட்டு, அது ஒரு மரத்தைப்போல் இருக்கிறது, அடிமரமும் கிளையும் இலையும் பூவுமாக இருக்கிறது என்கிறாள். பதினெட்டு வருஷம் கழித்தும் ஸெதெ அதை மரம் என்றுதான் சொல்கிறாள். பால் டி என்ற பழைய நண்பன் வருகிறான். துயரம் பொங்க அந்த மரத்தின்மேல் கன்னத்தை வைத்துக்கொள்கிறான். சற்று நேரம் கழித்து அவனுக்கே, இது மரமுமில்லை ஒன்றுமில்லை, அருவருப்பான வடுக்களின் திரள் என்று தோன்றுகிறது. ஒரே முதுகு, பார்ப்பவர் மனம் மாறியதும் பொருளும் மாறிவிட்டது.

அவன் சாட்டையடியைப் பற்றிக் கேட்கிறான். அவளோ திரும்பத் திரும்பப் பாலைப் பற்றியே பேசுகிறாள். உலகத்துக்குத் தெரிவது முதுகு. அவளுக்கு வலிப்பது தாய்மை. தழும்பு இருக்கும் இடமும் காயம் இருக்கும் இடமும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு சம்பாஷணையில் மாரிசன் அம்மையார் காட்டிவிடுகிறார்.

நம்முடைய பழைய சாஸ்திரப்படி இது புறப்புண். ஆனால் இதற்கு நாண வேண்டியவர் யார்? முதுகைக் காட்டியவளா, சாட்டையை ஓங்கியவனா? கட்டிப்போட்டு அடிக்கும் இடத்தில் மார்புக்கும் முதுகுக்கும் வித்தியாசம் ஏது? புறநானூற்றுத் தாய்க்கு ஊட்டிய பாலைப் பற்றி ஆணையிடும் உரிமையாவது இருந்தது. ஸெதெக்கு அந்தப் பாலே சொந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். போர்க்களத்துக்கு ஏற்பட்ட நீதியை அடிமைக் கொட்டடிக்குக் கொண்டு போகக்கூடாது என்று நமக்குத் தோன்றுகிறது.

இது வெறுங் கற்பனையும் அன்று. 1863 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் தேதி, 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' என்ற அமெரிக்கச் சித்திர வாரப் பத்திரிகை, தப்பி வந்த ஓர் அடிமையின் முதுகை, ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கிய சித்திரமாக வெளியிட்டது. அடிமை முறைக்கு எதிராக எத்தனையோ பிரசங்கங்கள் செய்யாத வேலையை அந்த முதுகு செய்தது. ஆனால் அந்தப் படத்தில் முதுகு முழுவதும் தெரிகிறது; முகத்தில் ஒரு பக்கந்தான் தெரிகிறது. மறுபக்கத்தைக் காட்டுவதற்கு ஒரு நாவல் தேவையாயிருந்தது.

* * *

தழும்பைக் கொண்டு இரக்கத்தையும் உண்டாக்கலாம், பயத்தையும் உண்டாக்கலாம். ஒன்று மற்றொன்றாக மாறிய விந்தையான வரலாறு ஒன்று இருக்கிறது.

விக்டர் ஹியூகோ நாடு கடந்து வாழ்ந்த காலத்தில், 1869ல், 'சிரிக்கும் மனிதன்' என்ற நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் க்வின்பிளேன் ஒரு பிரபுவின் மகன். அரசனுடைய கட்டளையினால் குழந்தைப் பருவத்திலேயே, குழந்தைகளை வாங்கி உருக்குலைத்து விற்கும் ஒரு கூட்டத்தாரிடம் சேர்ப்பிக்கப்படுகிறான். அவர்கள் அவன் வாயைக் கீறி, என்றென்றும் மாறாத ஒரு சிரிப்பை அவன் முகத்தில் செதுக்கிவிடுகிறார்கள். பிறகு பனி கொட்டும் ஓர் இரவில் கடற்கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த நிலையிலும், இறந்துபோன தாயின் மார்பில் கிடந்த ஒரு பெண் குழந்தையை அவன் எடுத்துக்கொண்டு நடக்கிறான். டேயா என்ற அந்தக் குழந்தைக்குக் கண் தெரியாது. ஆகையினால், உலகத்திலேயே அவனுடைய உண்மை முகத்தைக் கண்டவள் அவள் ஒருத்திதான்.

சந்தையில் ஜனங்களைச் சிரிக்கவைத்துப் பிழைத்த அவன், பிற்பாடு தன் பிறப்பு வெளிப்பட்டு, பிரபுக்கள் சபையில் போய் உட்காருகிறான். ஏழைகளுடைய துன்பத்தை எடுத்துச் சொல்ல எழுந்திருக்கிறான். மனோபலத்தினால் ஒரு கணம் அந்தச் சிரிப்பை அடக்கியும் விடுகிறான். உணர்ச்சி மிகும்போது அடக்கிய சிரிப்பு மீண்டுவிடுகிறது. சபை முழுவதும் கொல்லென்று நகைக்கிறது! துயரத்தைச் சொல்ல வந்தவன் முகத்தையே துயரத்துக்கு விரோதமாகச் செதுக்கிவிட்டார்களே!

இந்த நாவலை 1928ல் பால் லெனி என்பவர் சினிமாப் படமாக எடுத்தார். கான்ராட் வைட் என்ற நடிகர் அந்தச் சிரிப்போடு தோன்றினார். 1940ல் அமெரிக்காவில் 'பேட்மேன்' சித்திரக் கதைக்கு ஜோக்கர் என்ற கொலைகாரப் பாத்திரத்தை உண்டாக்கியபோது, வைட்டின் புகைப்படம் அதற்கு ஒரு மூலமாயிற்று. கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தையின் முகம், கொடுமை செய்கிறவனுடைய முகமாக மாறிவிட்டது! 2008ல் வந்த 'டார்க் நைட்' படத்தில் ஜோக்கர், தன் வாய்த் தழும்புகள் வந்த கதையை ஒருவரிடம் குடிகாரத் தகப்பன் செய்த கொடுமையாகச் சொல்கிறான். மற்றொருவரிடம் மனைவிக்காகத் தானே கீறிக்கொண்டதாகச் சொல்கிறான். எது மெய் என்று யாருக்கும் தெரியாது. தழும்பைக் கண்டதும் உருக்கமான கதையை எதிர்பார்க்கும் நம் பழக்கத்தையே அவன் பரிகாசம் செய்கிறான். அந்தப் பரிகாசத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. துயரக் கதையைச் சட்டையில் குத்தும் பூவைப்போல் பாத்திரத்தின்மேல் குத்திவிடும் வழக்கம் எழுத்தாளர்களிடையே மலிந்துதான் போயிருக்கிறது.

நல்ல வேளையாக, பிள்ளைகளுக்காக எடுத்த ஒரு சித்திரத் தொடரே இதற்கு மாற்றுச் சொல்லியிருக்கிறது. 2005 முதல் 2008 வரையில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'அவதார்' தொடரில், ஸூகோ என்ற இளவரசன் முகத்தில் ஒரு பக்கம் தீய்ந்த வடுவோடு முதலில் வருகிறான். பார்த்தவுடன் இவன் துஷ்டன் என்று தீர்மானித்துவிடுகிறோம். பிறகு ஒரு கட்டத்தில் அவன் பெரியப்பனான முதியவர் அயிரோ, மாலுமிகளிடம் உண்மையைச் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்த போர்வீரர்களைப் பலி கொடுக்கும் யோசனையை ஒரு தளபதி சொன்னபோது, 13 வயதுப் பையன் எழுந்து ஆட்சேபித்தான். அதற்குத் தண்டனையாக ஏற்பட்ட தீச்சமரில் எதிரே வந்து நின்றவர் பெற்ற தகப்பன். பையன் சண்டை செய்ய மறுத்து மண்டியிட்டான். தகப்பன் முகத்தைச் சுட்டுத் துரத்திவிட்டான். நம்முடைய தீர்மானம் அந்தக் கணத்தில் தலைகுனிகிறது. துஷ்டத்தனத்தின் முத்திரை என்று எதை எண்ணினோமோ, அது அவன் செய்த முதல் நற்காரியத்தின் முத்திரையாக இருந்தது.

* * *

இதெல்லாம் கதைதானே, இதற்கு இவ்வளவு விசாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கதையைப் படித்துவிட்டு நாம் தெருவுக்குத்தான் போகிறோம். தெருவிலே உண்மையான தழும்புகளோடு உண்மையான மனிதர்கள் நடக்கிறார்கள். அடுப்புத் தீயில் வெந்த குழந்தை, விபத்தில் முகம் கிழிந்த வாலிபன், திராவகம் வீசப்பட்ட பெண் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். படத்துக்குப் படம் வில்லனுடைய கன்னத்தில் கோடு கிழித்து வைத்தால், அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் என்ன பெயரால் அழைக்கப்படும் என்பதை ஊகிக்கச் சாமர்த்தியம் தேவையில்லை. இதை உணர்ந்துதான் 2018ல் பிரிட்டிஷ் திரைப்பட நிலையம், முகத் தழும்பைத் தீமையின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்குத் தான் பணம் உதவுவதில்லை என்று அறிவித்தது.

நம் தேசத்தில் 2013ல் திராவக வீச்சைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திராவக விற்பனையைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. 2019ல் வெளிவந்த 'உயரே' என்ற மலையாளப் படத்தை இங்கே குறிப்பிட வேண்டும். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பல்லவி என்ற பெண்ணின் முகத்தில், அவளை நேசித்ததாகச் சொன்னவனே திராவகத்தை வீசுகிறான். கண்பார்வை குறைந்து, விமானி ஆகும் கனவு கலைகிறது. ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. அவள் விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குப் போகிறாள், கோபப்படுகிறாள், சிரிக்கிறாள், பிழை செய்தவனைப் பிழை செய்தவன் என்றே சொல்கிறாள். தழும்பு அவளுடைய கதையில் ஓர் அத்தியாயம். புத்தகத்தின் பெயரே அதுவாகிவிடவில்லை.

கதை எழுதும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பாத்திரத்தின் உடம்பில் ஒரு தழும்பை எழுதுமுன், அதை அழித்துவிட்டால் கதையில் என்ன குறையும் என்று பாருங்கள். ஒன்றும் குறையாது என்றால் அது தழும்பு அன்று, சாயப் பூச்சு. கர்ணனுடைய துளையை எடுத்துவிட்டால் சாபம் இல்லை. ரோஸாவின் கோட்டை எடுத்துவிட்டால் அவளுடைய காதலுக்குச் சாட்சி இல்லை. ஸெதெயின் முதுகை எடுத்துவிட்டால் ஒரு தேசத்தின் பாவத்துக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. அவ்விதம் அவசியமானதை எழுதுங்கள். எழுதிய பிறகு, அந்தப் பாத்திரத்துக்குத் தழும்பைத் தவிர வேறு வாழ்வும் கொடுங்கள்.

படிக்கும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன கதைகளில் தழும்பைச் சுமந்தவர்கள் தாங்களாக முன்வந்து அதைப் பற்றிப் பேசியது மிகவும் அருமை. ரோஸாவின் கதையைச் சுத்தியல் எறிந்தவன் சொன்னான். ஸூகோவின் கதையை முதியவர் சொன்னார். கர்ணனுடைய கதையை இரத்தம் சொல்லிற்று. புத்தகத்தில் நமக்கு அந்தச் சலுகை உண்டு. பக்கத்தைப் புரட்டினால் இரகசியம் தெரிந்துவிடும். மனிதர்களிடத்தில் அந்தச் சலுகை இல்லை. ஒருவருடைய முகத்தில் வடுவைக் கண்டால், அது எப்படி வந்தது என்ற கேள்வி நாக்கு நுனி வரையில் வரும். வரட்டும், அங்கேயே இருக்கட்டும். அவராகச் சொல்ல விரும்பும் நாள் வரும்போது சொல்லுவார். அதுவரையில், மழை பெய்ததா, பையன் பரீட்சையில் தேறினானா, ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பதற்கு எத்தனையோ நல்ல விஷயங்கள் இருக்கின்றன.